கானகம் கண்ட காமிரா

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கருவி சிறந்தால் காரியம் சிறக்கும் என்பது உலகத்தார் எண்ணம். அதை முற்றிலும் பிழை என்று ஒதுக்குவதற்கில்லை. தொலைநோக்கி இல்லாமல் வியாழனின் நிலவுகளைக் கலிலியோ கண்டிருக்க முடியாது. ஆயினும், கருவி வாங்கப் பணமில்லையே என்ற ஏக்கத்தில் நம் மாணவருள் பலருடைய ஆர்வம் முளையிலேயே கருகிப் போகிறது. அந்த ஏக்கத்தை நானும் நன்கு அறிவேன்.

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் சிலரோடு எண்ணூர்க் கழிமுகத்துக்குப் பறவை பார்க்கச் சென்றேன். எங்களுள் ஒருவர் பெரிய ஜூம் லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். 150 மில்லிமீட்டரிலிருந்து 600 மில்லிமீட்டர் வரை மாற்றக்கூடியது; இரண்டு கிலோவுக்குக் குறையாத எடை; எங்கள் வீட்டில் எவரும் ஓராண்டு உழைத்தாலும் சேர்க்க முடியாத விலை. அதைக் கையில் வாங்கியபோது, இனி உலகத்துப் பறவைகளெல்லாம் என் கைக்குள் என்றே நினைத்தேன். மாலையில் திரும்பியபோது நான் எடுத்த இருநூறு படங்களில் ஒன்றிரண்டே தேறின.

அந்த லென்ஸின் குணதோஷங்களை ஆராய்ந்து இம்மலருக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று எண்ணித்தான் நூலகத்துக்குப் போனேன். அங்கே என் கைக்கு அகப்பட்டது ஒரு மனிதருடைய வாழ்க்கை. அவர் மா. கிருஷ்ணன். இந்திய வனவிலங்குகளைப் படம் பிடித்தோர் வரிசையில் முன் நிற்கும் தமிழர். விலை உயர்ந்த லென்ஸ் ஒன்றை எப்படி மதிப்பிடுவது என்ற என் கேள்விக்கு அவர் வாழ்க்கையே விடை சொல்லிற்று. ஆகவே லென்ஸின் கதையை அவர் கதையோடு சேர்த்தே சொல்ல விழைகிறேன்.

தந்தையும் மகனும்

தமிழ் நாவல் வரலாறு படித்தவர்கள் அ. மாதவையாவை அறிவார்கள். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதியவர் அவர். நெல்லைச் சீமையில் பெருங்குளத்தில் பிறந்து, ஆங்கில அரசின் உப்பு, அப்காரி இலாகாவில் பணியாற்றினார். எண்ணூர், அத்திப்பட்டு உப்பளங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த இலாகாவின் பெயர் அந்நியமன்று. எழுத்தின் மீது கொண்ட காதலால் வேலையிலிருந்து முன்னதாகவே ஓய்வு பெற்று, மயிலாப்பூரில் வீடு கட்டி, அச்சகமும் வைத்து, ‘பஞ்சாமிர்தம்’ என்னும் இதழை நடத்தினார்.

அந்த மாதவையாவின் எட்டு மக்களுள் கடைக்குட்டியாக 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தவர் கிருஷ்ணன். 1925ஆம் ஆண்டு அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழகத்துச் செனட் மன்றத்தில், பட்டப் படிப்பில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று வாதாடிப் பேசிய மாதவையா அங்கேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தந்தையார் விட்டுச் சென்ற செல்வங்கள் இரண்டு: ஒன்று, மொழிப்பற்று, மற்றொன்று, தமக்குச் சரி என்று பட்டதைத் தயங்காமல் சொல்லும் துணிவு. இரண்டையும் கிருஷ்ணன் இறுதிவரை குறைவின்றி வைத்திருந்தார்.

கல்லூரி நாட்கள்

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1927இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். நம்முடையதைப் போலவே அதுவும் அரசினர் கல்லூரி என்பதை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பைசன் என்ற ஆங்கிலேயர். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றி நூல் எழுதியவர். அப்பேராசிரியர் மலைகளுக்குச் செடி சேகரிக்கச் சென்றபோது மாணவர் கிருஷ்ணனும் உடன் சென்றார். பேராசிரியரின் துணைவியார் தாவரங்களை வரைவதில் வல்லவர். அவரிடம் நீர்வண்ண ஓவியம் பயின்றார்.

ஒரு செடியைப் பார்த்து வரைகிறவன் அதன் இலைகளை எண்ணியாக வேண்டும். நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, பூவின் இதழ் எத்தனை என்று கண்ணால் கேட்டுக் கையால் எழுத வேண்டும். பின்னாளில் கிருஷ்ணன் காமிராவைத் தூக்கியபோது அவருடைய கண் ஏற்கெனவே பழகிய கண்ணாக இருந்ததற்கு இந்தப் பயிற்சியே காரணம் என்று கருதுகிறேன்.

1931இல் பட்டம் பெற்றார். பின்னர் எம்.ஏ. படிப்பும் சட்டப் படிப்பும் முடித்தார். மதிப்பெண்களில் முதல் வரிசை மாணவராக அவர் விளங்கவில்லை. அவருடைய தமையனாரோ ஐ.சி.எஸ். தேறி, பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்த மா. அனந்தநாராயணன். அத்தகைய குடும்பத்தில், பட்டங்கள் பெற்றும் நிலையான வேலை கிட்டாமல், சிற்றிதழ்களுக்குக் கட்டுரையும் கேலிச்சித்திரமும் தந்து நாள் கழித்த இளைஞரின் மனநிலையை எண்ணிப் பார்க்கலாம். 1937இல் அவருக்குத் திருமணமும் நடந்தது. குடும்பப் பொறுப்பு வந்த பின்னும் மனத்துக்குப் பிடித்ததைக் கைவிடவில்லை என்பதே அவருடைய தனிச் சிறப்பு.

சந்தூர் மலைகளில்

1942இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சந்தூர் சமஸ்தானத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. சிறிய சமஸ்தானம். ஆதலால் ஒரே மனிதர் பல பதவிகளை மாறி மாறி வகித்தார். பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் என்று பல வேடங்கள். ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் அலைந்தார். ஆடு மேய்த்தார்; புறா வளர்த்தார்; பார்த்ததை எழுதினார்.

வனவிலங்கு என்றவுடன் நமக்குப் புலியும் யானையும் நினைவுக்கு வருகின்றன. கிருஷ்ணனுக்கோ வீட்டுக் கொல்லையில் ஓடும் அணிலும், கூரையில் குந்தும் காகமும், சுவரில் ஊரும் பல்லியும் அதே மதிப்புக்குரியவை. 1961இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரிலேயே காடும் கொல்லையும் சரிசமமாக இடம் பெற்றன. சந்தூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஒய். கோர்படே பின்னாளில் கர்நாடகத்தின் நிதியமைச்சரானவர். கறுப்பு வெள்ளை வனவிலங்குப் படங்களுக்கும் பெயர் பெற்றவர். அந்தச் சிறிய ஊர் இரண்டு பெரிய காமிராக் கலைஞர்களை நாட்டுக்குத் தந்தது.

எழுத்தே தொழில்

1949இல் சந்தூர் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். மயிலாப்பூரில் தந்தையார் வாழ்ந்த இடத்திலேயே தங்கி, எழுத்தையும் படத்தையும் நம்பி வாழத் துணிந்தார். மாதச் சம்பளத்தைத் தேடிப் பிறகு அவர் போகவில்லை. கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950ஆம் ஆண்டு இயற்கையைப் பற்றிய ஒரு பத்தியைத் தொடங்கினார். இரு வாரங்களுக்கு ஒருமுறை வெளியான அப்பத்தி நாற்பத்தாறு ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. 1996 பிப்ரவரி 18இல் அவர் கண் மூடிய அன்றும் அது வெளியாகியிருந்தது. இத்துணை நீண்ட காலம் ஒரே பொருளைப் பற்றி ஒரே இதழில் எழுதியவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர் எனின் மிகையாகாது.

தமிழிலும் அவர் எழுதினார். விலங்குகளையும் பறவைகளையும் பற்றிய அவருடைய தமிழ்க் கட்டுரைகளைப் பின்னாளில் தியடோர் பாஸ்கரன் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாக வெளிக்கொணர்ந்தார். ‘கதிரேசச் செட்டியாரின் காதல்’ என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? துப்பறிவதற்கும் இயற்கையை ஆராய்வதற்கும் வேண்டிய குணம் ஒன்றுதான். சிறு தடயத்தையும் அலட்சியம் செய்யாத கண் வேண்டும்.

டெலிபோட்டோ லென்ஸின் கணக்கு

இனி லென்ஸுக்கு வருவோம். இயற்பியல் படிக்காத நண்பர்களும் புரிந்துகொள்ளும்படி சொல்ல முயல்கிறேன்.

தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் எவ்வளவு பெரிதாக விழும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. பொருளின் உயரத்தை லென்ஸின் குவியத் தொலைவால் பெருக்கி, பொருள் இருக்கும் தூரத்தால் வகுக்க வேண்டும். மூன்று மீட்டர் உயரமுள்ள யானை ஐம்பது மீட்டர் தூரத்தில் நிற்கிறது என்று கொள்வோம். சாதாரணக் காமிராவில் உள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் அந்த யானையை மூன்றே மில்லிமீட்டர் உயரமாகப் பிலிமில் பதிக்கும். அரிசி மணியை விடச் சிறிய யானை! 400 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால் பிம்பம் 24 மில்லிமீட்டர் ஆகும். 35 மில்லிமீட்டர் பிலிமில் படச்சட்டத்தின் குறுகிய பக்கமும் 24 மில்லிமீட்டரே. யானை சட்டம் நிறைய நிற்கும்.

குவியத் தொலைவு 400 மில்லிமீட்டர் என்றால் குழாயும் அவ்வளவு நீளம் இருக்க வேண்டுமே என்று கேட்கலாம். முன்புறம் குவிக்கும் லென்ஸ் தொகுதியும் பின்புறம் விரிக்கும் லென்ஸ் தொகுதியும் வைத்து அந்த நீளத்தைச் சுருக்குவதே டெலிபோட்டோ அமைப்பு. 1891ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டால்மேயரும், ஜெர்மனியில் மீத்தேயும் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. குவியத் தொலைவு கூடக் கூட மூன்று வரிகளைச் செலுத்த வேண்டும். முதல் வரி ஒளி. 400 மில்லிமீட்டர் லென்ஸ் 5.6 என்ற திறப்பைத் தர வேண்டுமானால் ஒளி புகும் வாயில் ஏறத்தாழ 71 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். கண்ணாடி பெரிதாகும், எடையும் விலையும் ஏறும். இரண்டாவது வரி நடுக்கம். யானையைப் பெரிதாக்கும் லென்ஸ் கை நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்கும். 400 மில்லிமீட்டருக்கு ஒரு வினாடியில் 400இல் ஒரு பங்குக்கு மேல் ஷட்டர் திறந்திருக்கக் கூடாது என்பது புகைப்படக்காரர்களின் வாய்ப்பாடு. காட்டு நிழலில், அக்காலத்துப் பிலிமில், அந்த வேகம் கிட்டுவது அரிது. மூன்றாவது வரி கூர்மை. விலங்கின் கண்ணில் குவியம் வைத்தால் வால் மங்கிவிடும். அளவு சிறிது தவறினால் கண்ணும் மங்கிவிடும்.

இன்றைய விலையுயர்ந்த லென்ஸ்கள் இந்த வரிகளில் சிலவற்றைத் தள்ளுபடி செய்கின்றன. நடுக்கத்தைத் தாமே ஈடு செய்கின்றன; தாமே குவியம் கண்டுகொள்கின்றன; வளையத்தைத் திருகினால் குவியத் தொலைவு மாறுகிறது. கிருஷ்ணன் பத்தி எழுதத் தொடங்கிய 1950இல் இவற்றுள் எதுவும் இல்லை. நிழற்படக் காமிராவுக்கு என்று முதல் ஜூம் லென்ஸ் விற்பனைக்கு வந்ததே 1959இல்தான். அதுவும் 36 முதல் 82 மில்லிமீட்டர் வரைதான். யானைக்கும் புலிக்கும் அது உதவாது.

சூப்பர் பாண்டரோசா

கடையில் விற்ற கருவிகள் தம் தேவைக்கு ஒத்துவரவில்லை என்று கண்டபோது, கிருஷ்ணன் தாமே ஒரு கருவியைச் சேர்த்துக் கட்டினார். காமிராவின் உடல் ஒரு கம்பெனியுடையது. லென்ஸ் வேறொரு கம்பெனியுடையது. இரண்டையும் இணைத்தவை அவரே தேடிச் சேர்த்த துண்டுகள். பார்ப்பதற்குப் பூதாகரமாக இருந்த அந்த ஒட்டுக் கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டினார்.

வேடிக்கைப் பெயர்தான், ஆனால் வேலை வேடிக்கையானதன்று. ஒரு கம்பெனியின் லென்ஸை மற்றொன்றின் உடலில் பொருத்தும்போது, லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையேயுள்ள தூரம் மயிரிழை பிசகினாலும் தொலைவிலுள்ள பொருள் தெளிவாக விழாது. லென்ஸ் விரிக்கும் ஒளி வட்டம் பிலிமின் மூலைவரை எட்ட வேண்டும். இணைப்பில் ஊசி முனையளவு இடைவெளி இருந்தாலும் வெளிச்சம் கசிந்து படம் முழுதும் பாழாகும். நம் ஆய்வுக்கூடத்தில் குவிலென்ஸையும் ஊசியையும் வைத்து, யு–வி முறையில் குவியத் தொலைவு காண்கிறோமே, அதே கணக்கைத்தான் அவர் இரும்பிலும் கண்ணாடியிலும் போட்டுப் பார்த்திருக்கிறார். தேர்வுக்காக மட்டுமே அந்தச் சோதனையைச் செய்து, விடை வராதபோது முன்னவர் பதிவேட்டைப் பார்த்து எழுதிய நாட்களை நினைத்து நான் வெட்கினேன்.

அவருடைய ஜூம் வளையம் எது என்று கேட்டால், ஒன்று, அவருடைய கால்கள்; மற்றொன்று, யானையின் கால்கள். முதுமலை போன்ற காடுகளில் பழக்கிய யானையின் முதுகில் ஏறிக் காட்டு யானைகளுக்கு அருகே செல்வது அவர் வழக்கம். மனிதன் தனியே நடந்து வந்தால் ஓடும் விலங்குகள், யானை வந்தால் அவ்வளவு அஞ்சுவதில்லை. யானையின் மேல் உட்கார்ந்தால் உயரமும் கிடைக்கும். ஆனால் யானை மூச்சு விட்டாலும் காமிரா அசையும். பாகனும் யானையும் அசையாதிருக்கும் நொடியைப் பார்த்து ஷட்டரை அழுத்த வேண்டும். அங்கே பாகனின் அனுபவமும் லென்ஸின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

முன்னே சொன்ன கணக்கை இங்கே மறுபடி போட்டுப் பாருங்கள். பிம்பத்தை இருமடங்காக்க இரண்டு வழிகள் உண்டு. குவியத் தொலைவை இருமடங்காக்கலாம். அதற்குச் சில லட்சம் ரூபாய் வேண்டும். அல்லது தூரத்தைப் பாதியாக்கலாம். அதற்குப் பொறுமை வேண்டும். இரண்டாவது வழியில் இன்னொரு லாபமும் உண்டு. லென்ஸுக்கும் விலங்குக்கும் இடையே கொதிக்கும் காற்றும் தூசியும் பாதியாகக் குறைகின்றன. எந்த விலைக்கு வாங்கிய கண்ணாடியும் இடையிலுள்ள காற்றைத் துடைத்துத் தராது.

அருகே செல்லுதல் என்றால் துரத்துதல் என்று பொருள் கொள்ளலாகாது. விலங்கு கலைந்து ஓடிவிட்டால், படத்தில் விழுவது அதன் அச்சமேயன்றி அதன் வாழ்க்கையன்று. மேய்வதும், குட்டியைக் காப்பதும், நீர் அருந்துவதும் தெரிய வேண்டுமானால் அது நம்மைப் பொருட்படுத்தாத தூரத்தில் நிற்க வேண்டும். அந்தத் தூரம் எது என்று அறிவதற்கு அதன் பழக்கங்களைப் பல நாள் கவனித்திருக்க வேண்டும். ஆகவே நல்ல படத்துக்கு வேண்டிய முதல் உழைப்பு, காமிராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

கறுப்பும் வெள்ளையும்

வண்ணப் படங்கள் எங்கும் பரவிய பின்னரும் கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். அவருடைய படங்களில் விலங்கு மட்டும் தனித்து நிற்பதில்லை. மூங்கிற் புதரும் புல்வெளியும் மரத்தின் நிழலும் உடன் நிற்கின்றன. ஒரு யானைக் கூட்டத்தைப் பார்த்தால், எது தாய், எது கன்று, எது எதை நோக்கிக் காதை விரிக்கிறது என்று சொல்லிவிடலாம். அழகுக்காக மட்டும் எடுக்கப்பட்ட படங்கள் அல்ல இவை. ஒரு விலங்கு, ஓர் இடத்தில், ஒரு பருவத்தில் இவ்வாறு வாழ்ந்தது என்பதற்கு ஆவணங்கள். 2006ஆம் ஆண்டு அவருடைய படங்களும் எழுத்துக்களும் பெரிய தொகுப்பு நூலாக வெளிவந்தபோது, அவரை நேரில் அறியாத தலைமுறையும் அவற்றின் மதிப்பை உணர்ந்தது.

படம் தந்த சான்று

இவருடைய உழைப்பினால் நாட்டுக்கு என்ன பயன் விளைந்தது? செங்கற்பட்டுப் பக்கத்தில் உள்ள வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஏரியில் வந்து கூடு கட்டும் நீர்ப்பறவைகளைக் காத்து வந்தவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அறிந்தவர்கள். 1950களில் கிருஷ்ணன் அங்கே பறவைகளைக் கவனித்து எழுதினார். அந்த ஏரி உரிய பாதுகாப்பைப் பெற அவருடைய குரலும் உதவிற்று. சரணாலயத்தைப் பற்றி அன்றைய சென்னை மாநில வனத்துறை 1960இல் வெளியிட்ட நூலை எழுதியவரும் அவரே.

பின்னர் ஜவஹர்லால் நேரு ஆய்வு நல்கையைப் பெற்று, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைக் காடு காடாகச் சென்று ஆராய்ந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அந்த ஆய்வு தொடராக வந்து, 1975இல் நூலாயிற்று. 1959 முதல் 1970 வரை இந்தியாவின் வனவிலங்குகள் எந்நிலையில் இருந்தன என்பதை அந்நூல் கூறுகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973இல் தொடங்கிற்று. அவற்றுக்கு முந்திய நிலையைக் கண்ணால் கண்டு பதிவு செய்த சான்று இது. முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாமல், இப்போது வளர்ந்ததா தேய்ந்ததா என்று எவரால் சொல்ல முடியும்? அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. இந்திய வனவிலங்கு வாரியத்திலும் பணியாற்றினார்.

அவருடைய கருத்துக்கள் எல்லார்க்கும் இனிக்கவில்லை. பிற நாட்டு அலங்கார மரங்களைக் கொண்டுவந்து நடுவதை அவர் கடுமையாகக் கண்டித்தார். நம் மண்ணுக்குரிய மரமும் புல்லும் கொடியும் இருந்தால்தான் நம் மண்ணுக்குரிய விலங்கும் பறவையும் வாழும் என்பது அவர் வாதம். விலங்கை மட்டும் காப்பாற்றிவிட்டு அதன் காட்டை மாற்றிவிடலாம் என்ற எண்ணத்தை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை. பதவியில் உள்ளவர் என்பதற்காக யாரிடமும் தம் கருத்தைக் குறைத்துச் சொன்னவரும் அல்லர். செனட் மன்றத்தில் நின்று வாதாடிய தந்தையின் மகன் அல்லவா!

நம் கழிமுகத்தில்

மறுபடி அந்த மார்கழி ஞாயிறுக்கு வருகிறேன். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடம். ஒரு பக்கம் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள். மறுபக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். நடுவே சேற்றுத் திட்டுகளில் கூழைக்கடாக்களும் நாரைகளும் உள்ளான்களும். கரையில் நின்றபடி 600 மில்லிமீட்டரில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். நூறு மீட்டர் தூரத்தில் ஒரு கூழைக்கடா. தண்ணீருக்கு மேல் அது ஒரு மீட்டர் உயரம் தெரிந்ததாக வைத்துக்கொண்டால், 600 மில்லிமீட்டர் லென்ஸிலும் அதன் பிம்பம் ஆறு மில்லிமீட்டர்தான். சட்டத்தில் நான்கில் ஒரு பங்கு. வெயில் ஏற ஏறச் சேற்றின் மேல் காற்று நெளிந்தது. படத்தில் பறவையும் நெளிந்தது. பார்வைக் கோணம் குறுகியதால், பறந்த பறவையைச் சட்டத்துக்குள் தேடுவதற்குள் அது போய்விட்டது.

எங்களைப் படகில் ஏற்றிச் சென்ற பெரியவர் பள்ளிக்கூடம் போகாதவர். இறால் பிடித்து வாழ்பவர். என் அவதியைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல், சூரியன் எங்கள் முதுகுக்கு வரும்படி படகைத் திருப்பினார். பறவைகளை நோக்கி நேரே போகாமல், எங்கோ போகிறவர் போலச் சாய்வாகக் கோலை ஊன்றினார். ஒரு கூழைக்கடா தலையைத் தூக்கியவுடன் நிறுத்தினார். அது மறுபடி அலகை நீரில் இட்ட பிறகே நகர்ந்தார். அரை மணி நேரத்தில் தூரம் பாதியாயிற்று. இருநூறு படங்களில் தேறியவை அப்போது எடுத்தவைதாம். அன்று அவர் செய்தது என்ன என்பது, கிருஷ்ணனும் பாகனும் யானையுமாகக் காட்டுக்குள் சென்றதைப் படித்த பிறகே எனக்கு விளங்கிற்று.

எனவே, அந்த ஜூம் லென்ஸைப் பற்றிய என் மதிப்பீடு இதுதான். நல்ல கருவி. நடுக்கத்தை அடக்குகிறது, காலை ஒளியில் இறகு ஒவ்வொன்றையும் காட்டுகிறது, சேற்றில் இறங்க முடியாத இடத்திலும், கூட்டைக் கலைக்கக் கூடாத பருவத்திலும் அதற்கு இணை இல்லை. ஆனால் காலை எட்டு மணிக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதையும், பறவை எந்தத் திட்டில் இறங்கும் என்பதையும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அது சொல்லித் தராது. அவற்றைத் தெரிந்தவருக்கு அது பெருந்துணை. தெரியாதவருக்கு அது இரண்டு கிலோ சுமை.

இதில் நமக்கு ஒரு கடமையும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து இக்கழிமுகத்தில் பரவியது. மீனவர் வலைகளும் படகுகளும் கறுத்தன. எண்ணெய் படிந்த இறகுகளோடு நின்ற கூழைக்கடாக்களின் படங்கள் வெளிவந்த பிறகுதான் நாட்டின் பல பகுதியினர் எண்ணூர் என்று ஓர் இடம் உண்டு என்பதையும், அங்கே பறவைகளும் உண்டு என்பதையும் அறிந்தனர். அழிவு நேர்ந்த பிறகு எடுத்த படங்கள் ஏராளம். அதற்கு முந்திய ஆண்டு அதே திட்டில் எத்தனை கூழைக்கடாக்கள் இருந்தன என்று நம்மைக் கேட்டால் நம்மிடம் என்ன விடை இருக்கிறது? இங்கேயே பிறந்து வளர்ந்த என்னிடமும் விடை இல்லை.

காட்டுக்குச் சென்று கிருஷ்ணன் செய்ததை நாம் நம் கொல்லையிலேயே செய்யலாம். கல்லூரியில் ஒரு குறிப்பேடு வைப்போம். மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று, எந்தப் பறவை எத்தனை என்று எண்ணி எழுதுவோம். விலங்கியல் துறையினர் பெயர் சொல்லட்டும். தாவரவியல் துறையினர் அலையாத்திச் செடிகளைக் குறிக்கட்டும். வேதியியல் துறையினர் நீரைச் சோதிக்கட்டும். இயற்பியல் துறையினராகிய நாங்கள் இருக்கிற காமிராவைக் கொண்டு படம் எடுக்கிறோம். கைப்பேசியில் எடுத்த படமானாலும் தேதியும் இடமும் சரியாக எழுதப்பட்டிருந்தால் அது சான்றுதான். நாம் பட்டம் பெற்றுச் சென்ற பிறகு, நமக்கு அடுத்து வருகிற முதலாண்டு மாணவர் அதைத் தொடரட்டும்.

நாற்பத்தாறு ஆண்டுகள் இடைவிடாது எழுதிய மா. கிருஷ்ணன் எண்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். வாழ்நாளில் பெரும்பகுதியை ஓர் ஒட்டுக் காமிராவோடும் ஒரு பேனாவோடும் கழித்தவர், நம் நாட்டுக் காடுகளின் ஒரு காலத்தை அழியாமல் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார். நம் கழிமுகத்தின் காலத்தை விட்டுச் செல்ல வேண்டியவர்கள் நாம். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் அந்தப் படகுத் துறையில் இருப்பேன். வர விரும்பும் நண்பர்கள் ஒரு பென்சிலும் நோட்டும் கொண்டு வந்தால் போதும்.